காசாம்பு மிஷினின் தலை

கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கோமுகி அணையில் தண்ணீர் தளும்புகிற வருஷத்திலும் இது நிஜம்; அணை காய்ந்து உள்ளே மாடு மேய்கிற வருஷத்திலும் நிஜம். சந்தேகப்படுகிறவர்கள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற 'செல்வி துப்பறியும் நிலைய'த்துக்குப் போய் சுபைரை விசாரித்துக்கொள்ளலாம். அவனும் இதையேதான், இதே வரிசையில்தான் சொல்லுவான்.

நிலையத்தின் முதலாளி செந்தமிழ்ச்செல்வி, முன்னாள் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் அவர் ஒரு நடை நடந்தால், பையன்களின் சட்டைப்பையில் இருக்கும் பிட்டுப் பேப்பர் தானாக எழுந்து வந்து மேஜைமேல் படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்த பேப்பர்களில் ஒன்று சுபைருடையது. காப்பியடித்ததைவிட, அதை அவன் மறைத்து வைத்திருந்த விதம் டீச்சருக்குப் பிடித்திருந்தது. ரிட்டையர் ஆனதும் அவனைத் தேடிப் பிடித்து உதவியாளராக வைத்துக்கொண்டார். சுபைருக்கு இப்போது தாடியில் நரை எட்டிப்பார்க்கிறது. அவனுடைய அத்தா கடைவீதியில் நூல், பட்டன், லைனிங் துணி விற்கிறவர். அதனால் தையல் சமாச்சாரம் எது வந்தாலும் டீச்சர் அவனைத்தான் முன்னால் தள்ளுவார்.

அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் வடக்கனந்தலில், அம்சவள்ளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் கல்யாணக் களை. அம்சவள்ளியின் மகளுக்குக் கல்யாணம். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டது, ஒரே ஒரு வீடு தவிர.

"பாருங்க மேடம்" என்று அம்சவள்ளி தன் போனை நீட்டினார். மலைமேல் கரியாலூரில் ஏதோ காட்டேஜின் வரவேற்பறை. பூச்சாடிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பழைய தையல் மிஷின். "எங்கம்மா காசாம்பு மிஷினு. எங்க சொந்தக்காரப் பையன் டூர் போன எடத்துல போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருக்கான்."

"உங்கம்மாவோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் டீச்சர்.

"கழுத்தப் பாருங்க. எங்கம்மா மிஷினு கழுத்து எனக்குத் தெரியாதா?"

சுபைர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லா மிஷினுக்கும் இருக்கிற கழுத்துதான். "ஆமாங்க, குடும்பச் சாயல் இருக்கு" என்றான். டீச்சர் அவன் காலை மிதித்தார்.

அம்சவள்ளி விஷயத்தைச் சொன்னார். காசாம்பு இந்த வீட்டில்தான் இறந்துபோனார். கடைசி நேரத்தில் மூத்தவள் அம்சவள்ளி ஒரு பக்கம், இளையவள் விஜயலட்சுமி ஒரு பக்கம். கிழவிக்கு வாயில் ஒரு பல் கிடையாது. மூச்சு இழுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: மிஷினு தலச்சன் புள்ளைக்கு.

"தலச்சன் நானு. மூத்தவளுக்குன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாங்க. பதினாறாம் நாள் காரியத்தன்னிக்குப் பாத்தா, ஸ்டாண்டு மட்டும் நிக்குது, மேல மிஷினக் காணோம். அதுக்கு மொத நாள்தான் அவ எனக்குத்தான் மிஷினுன்னு என்னோட சண்ட போட்டா. வேற யாரு எடுப்பா? நானும் சும்மா உடல. தலய எடுத்தவளே காலையும் வெச்சிக்கோன்னு, அந்த ஸ்டாண்ட வண்டியில ஏத்தி கச்சிராயபாளையத்துல அவ வாசல்ல எறக்கிட்டு வந்துட்டேன். அன்னிலருந்து பேச்சு இல்ல."

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரா?" அம்சவள்ளி வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அவர் கணவர் செல்லமுத்து, பீடியைப் பற்றவைக்காமலே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "நாங்க ரெண்டு பேரும் போட்ட சண்டயில, 'தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்'னு கத்துனாரு. எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சி. நல்ல வேள, என்னப் போடல."

செல்லமுத்து தொண்டையைக் கனைத்தார். "அத உட்டுத் தொலைங்களேன்" என்றார். "கல்யாண நேரத்துல இன்னாத்துக்கு?"

"நீங்க போயி மோட்டாரப் பாருங்க!" என்று அம்சவள்ளி அடக்கினார். பிறகு டீச்சரிடம், "கெணத்துல பைப்பு நுனியில இருக்கற புட்வால்வு எதுலியோ முட்டிக்கினே இருக்குது மேடம். தண்ணி எடுக்கறப்பல்லாம் டங்கு டங்குன்னு சத்தம். இத்தினி வருஷமா அதப் பாக்க இந்த மனுஷனுக்கு நேரம் வரல. இதுல நியாயம் பேச வந்துட்டாரு" என்றார்.

செல்லமுத்து கிணற்றுப் பக்கம் போனார். போகும்போது சுபைரை ஒரு பார்வை பார்த்தார். பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கிய மனிதனின் பார்வை என்று சுபைர் எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவன் கண்ணில் அது பட்டது. சாமி மாடத்துக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு. மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. ஓரத்தில் வெற்றிலைக் காம்பும், கிளிப்பச்சைப் பட்டுப் புடவையின் ஜரிகையும், ஒரு டஜன் கண்ணாடி வளையலும் தெரிந்தன. சுபைர் பார்ப்பதை அம்சவள்ளி பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கிளிப்பச்சன்னா அவளுக்கு உசுரு" என்றார் சுவரைப் பார்த்து. "மேடம், நான் வெட்டி வெட்டிப் பேசறேன்னு நெனைக்காதீங்க. அவ எடுக்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இந்தத் தட்ட எடுத்துக்கினு நானே போயி அவ வாசல்ல நிக்கறேன். கால்ல வுழுன்னாலும் வுழுவேன். எடுத்தான்னு தெரிஞ்சிச்சி, எனக்குத் தங்கச்சியே பொறக்கல. அவ்வளவுதான்."

தெருவுக்கு வந்ததும் சுபைர், "டீச்சர், இவங்க நம்மள திருடியப் புடிக்க வெக்கல. திருடி இல்லன்னு சொல்ல வெச்சிருக்காங்க" என்றான்.

"நமக்கு விடைதான் முக்கியம் சுபைரு. விடை அவங்களுக்குப் பிடிக்குமான்னு பாக்கறது நம்ம வேலை இல்ல" என்றார் டீச்சர். கணக்கு டீச்சர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

கச்சிராயபாளையத்தில் மலை பஸ் பிடித்தார்கள். அந்த பஸ்ஸைப் பற்றி நான் மிகைப்படுத்தவே மாட்டேன். அடிவாரத்தில் ஒரு பெரியவர் பச்சை வாழைத்தாரோடு ஏறினார்; கரியாலூர் வருவதற்குள் தார் பழுத்து, கண்டக்டர் இரண்டு பழம் உரித்துத் தின்று, தோலை வீசிய இடத்தில் குரங்குகள் காத்திருந்தன.

வழியில் சுபைர் காட்டேஜுக்குப் போன் போட்டு, அந்த மிஷினைச் சுத்தம் செய்த ஆளின் நம்பரை வாங்கி, அவரைக் கூப்பிட்டான். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் கத்த வேண்டியிருந்தது.

"அண்ணே, அந்தத் தல உங்ககிட்டதான வந்திச்சி? ... இன்னாது? வந்தப்பவே கழுத்து இறுகிக் கெடந்திச்சா? ... சரி, தலய தனியாக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப்போட்டீங்களா? ... ராத்திரி பூராவா! ... பல்ல எல்லாம் எடுத்துட்டீங்களா? ... காலு எங்கன்னு கேக்கறீங்களா? காலு கச்சிராயபாளையத்துல கெடக்குதுண்ணே, நாங்க தேடறது தல மட்டும்தான்!"

பஸ் அமைதியாகிவிட்டது. பக்கத்து சீட்டில் ஆட்டுக்குட்டியோடு இருந்த பெண் எழுந்து முன்னால் போய்விட்டார். ஆட்டுக்குட்டி அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது.

கண்டக்டர் மரியாதையாக வந்து குனிந்தார். "சார், வண்டிய ஸ்டேஷன் வாசல்லயே நிறுத்தச் சொல்லட்டுமாங்க?"

"தையல் மிஷின் தலைங்க" என்றான் சுபைர். "டெய்லருங்க மிஷினத் தலைன்னுதான் சொல்லுவாங்க. கீழ ஸ்டாண்டுக்குக் காலு. துணியத் தள்ளுறதுக்குப் பல்லு."

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்" என்று கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமலே போய்விட்டார்.

கரியாலூரில் பனி இறங்கியிருந்தது. காட்டேஜுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் சுபைர் போனில் பேசிய வெற்றிவேல் இருந்தார். சைக்கிள், மிக்சி, பம்ப்செட், பழைய மிஷின் எதைக் கொடுத்தாலும் பிரித்துவிடுவார். பெரும்பாலும் திரும்பவும் சேர்த்துவிடுவார். மிஷினை வரவேற்பறையிலிருந்து தூக்கிவந்து பலகைமேல் வைத்தார்.

கறுப்பு மினுமினுத்தது. தங்கப் பூ வேலைப்பாடு ஜொலித்தது. சக்கரத்தில் முகம் பார்க்கலாம். சுபைர் குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தான்.

"அண்ணே, இது கல்யாணத்துக்கு டை அடிச்ச தாத்தா மாதிரி இருக்கே. பழைய கீறல், தேஞ்ச எடம் ஒண்ணயும் காணோமே?"

"எல்லாத்தயும் தேய்ச்சி எடுத்துட்டேன். பெயிண்டு அடிச்சி, பூ ஸ்டிக்கர் ஒட்டி, புத்தம் புதுசாக்கிட்டேன்." வெற்றிவேல் பெருமையாகச் சொல்லி, பிறகு குரலைத் தாழ்த்தினார். "காட்டேஜ் ஓனரு வந்து பாத்துட்டு, 'இன்னாய்யா, பழசு மாதிரியே இல்லியே'ன்னுட்டாரு. அதனால மறுபடி அங்கங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சி, பழசாக்கிட்டேன். இதோ பாருங்க, கை வெச்சித் தேஞ்ச மாதிரியே இருக்குதில்ல?"

சுபைர் பார்த்தான். ஒரு பெண்மணியின் இடது கை காலமெல்லாம் ஊன்றித் தேய்ந்த மாதிரியே இருந்தது. தேய்த்தது வெற்றிவேல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்.

"முடிஞ்சிது டீச்சர். சாட்சியக் குளிப்பாட்டிட்டாங்க" என்றான்.

டீச்சர் அசரவில்லை. "அழுக்கை என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.

வெற்றிவேல் முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தார். "இதுல கெடக்குதுங்க. அழுக்கக் கண்ணுல காட்டலன்னா வேல செஞ்சேன்னே நம்ப மாட்டாங்க."

ஒரு தினத்தாளை விரித்து டீச்சர் பாட்டிலைக் கவிழ்த்தார். பல்லுக்கு அடியில் வருஷக்கணக்கில் சேர்ந்து, எண்ணெயில் ஊறி இறுகிப்போன பஞ்சுக் கட்டி ஒன்று அப்பளம் மாதிரி விழுந்தது. கூடவே உடைந்த ஊசி முனைகள். டீச்சர் ஹேர்பின்னால் பஞ்சுக் கட்டியின் ஓரத்தைப் பிரித்தார்.

"அடியில வெள்ளை. வேட்டி, ஜாக்கெட் லைனிங். அதுக்கு மேல பச்சைக் கட்டம், பள்ளிக்கூட யூனிபார்ம். மேலாக என்ன சுபைரு?"

சுபைர் குனிந்தான். சிவப்புப் பட்டு நூலின் பொடியும், அதில் மின்னுகிற துணுக்குகளும். "சம்கி டீச்சர். சம்கி வெச்ச ஜாக்கெட் தெச்சிருக்காங்க. எங்க கடையில கிலோக் கணக்குல போவுது."

"காசாம்புக்குக் கடைசிக் காலத்துல கண்ணு மங்கிப் போச்சாம். சம்கி எங்க தைக்கறது? அவங்களுக்குப் பிறகு ஒரு கை இந்த மிஷினைத் தொட்டிருக்கு. விஜயலட்சுமி என்ன தொழில்?"

"கச்சிராயபாளையத்துல ஜாக்கெட் தெக்கறாங்க" என்றான் சுபைர் மெல்ல. "சம்கி ஜாக்கெட்டுக்குப் பேர் போனவங்க."

டீச்சர் ஊசி முனைகளைக் காட்டினார். "அம்சவள்ளி போன்ல சொன்னாங்க இல்ல? ஊசி உடைஞ்சா வீட்ல யார் கால்லயும் குத்தக் கூடாதுன்னு அவங்கம்மா மிஷின் வயித்துக்குள்ளயே போட்டுடுவாங்களாம்."

"எந்த மிஷினத் தொறந்தாலும் இது இருக்கும்ங்க" என்றார் வெற்றிவேல்.

"ஆமா டீச்சர். எல்லா டெய்லரும் அப்படித்தான்."

டீச்சர் மிஷினைச் சாய்த்தார். அடிவயிற்றில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். "அத மட்டும் தொடைக்க மனசு வரலிங்க, சாமி விஷயம்" என்றார் வெற்றிவேல்.

"ஆயுத பூஜைக்கு வெச்சது. காசாம்பு அடியில் வைக்கிற வழக்கம்னு அம்சவள்ளி சொன்னாங்க" என்றார் டீச்சர்.

"எங்க அத்தா கடைக் கத்திரிக்கோலுக்கே வருஷா வருஷம் வேலைக்கார அண்ணனுங்க சந்தனம் வெக்கறாங்க டீச்சர். பொரி கடல பொட்லம் எனக்குத்தான் வரும். இதுவும் பொதுதான்."

"சுபைரு, பத்தாவதுல கணங்களோட வெட்டு படிச்சியா, அதையும் பாத்து எழுதினியா? ஊசி பொது. பொட்டு பொது. சம்கி பொது. மூணும் ஒரே மிஷின்ல வெட்டினா?"

சுபைர் வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கும் அவன் பாஸ் பண்ணியது வாயை மூடிக்கொண்டுதான்.

"இந்தத் தலை உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?" என்று டீச்சர் வெற்றிவேலைக் கேட்டார்.

"பழைய இரும்பு லாரிக்காரன் குடுத்தான். கச்சிராயபாளையம் பக்கம் எடுத்ததுன்னு சொன்னான்."

டீச்சர் நிமிர்ந்து சுபைரைப் பார்த்த பார்வையில், நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளையின் அம்மா தெரிந்தாள்.

"அவன் எதக் கேட்டாலும் கச்சிராயபாளையம்னுதான் சொல்லுவான்ங்க" என்று வெற்றிவேல் பின்னாலிருந்து சொன்னார். "அவனுக்குத் தெரிஞ்ச ஊரு அது ஒண்ணுதான்." டீச்சர் அதற்குள் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

கச்சிராயபாளையத்தில் விஜயலட்சுமியின் வீடு டவுன் பஸ் திரும்புகிற முனையில் இருந்தது. முன்னறையில் கரண்ட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் சம்கி ஜாக்கெட்டுகள் தொங்கின. வாசலில் புதுமுகங்களைப் பார்த்ததும் அவர் மிஷினை நிறுத்தினார். டீச்சரின் பட்டுக்கரைப் புடவையையும், கையில் இருந்த பையையும் பார்த்தார். சட்டென்று எழுந்து இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. வடக்கனந்தல்லருந்து வரீங்களா? அக்கா அனுப்பினாங்களா?" நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "பத்திரிகைங்களா?"

துடைத்த கைகள் ஏந்தினாற்போலவே நின்றன.

"இல்லைங்க" என்றார் டீச்சர். "மிஷின் விஷயமா."

கைகள் கீழே போயின.

டீச்சர் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். ஊசி, பொட்டு, சம்கி, பழைய இரும்பு லாரி. ஒன்றன்மேல் ஒன்றாக, தேற்றம் நிரூபிக்கிற அழகோடு. சுபைர் அதைக் கேட்கவில்லை. அவன் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு மிதி ஸ்டாண்டு நின்றிருந்தது, மேலே தலை இல்லாமல். தலை உட்காருகிற பள்ளத்தில் ஒரு மடித்த துணி. சக்கரத்தைச் சுற்றுகிற தோல் வார் புதுசு. மிதிக்குக் கீழே தூசி இல்லை. தலையைத் தாங்கும் இரண்டு கீல்களிலும் எண்ணெய் பளபளத்தது; நேற்றோ முந்தாநேற்றோ விட்ட எண்ணெய்.

விஜயலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"நல்லா கண்டுபுடிச்சீங்க. ஆமாங்க. நான்தான் எடுத்தேன். நான்தான் வித்தேன். போதுமா?"

"ஏங்க எடுத்தீங்க?" என்றான் சுபைர்.

"எடுக்கல, எடுக்கலன்னு இத்தினி வருஷமாக் கத்துனேன். அப்ப ஒருத்தரும் காது குடுக்கல. எடுத்தேன்னு சொன்னதும் பாருங்க, நாற்காலிய இழுத்துப் போட்டுக்கினு உக்காந்து ஏன்னு கேக்கறீங்க." அவர் ஸ்டாண்டுமேல் இருந்த துணியை நேராக்கினார். "அப்படியே எடுத்திருந்தாலும் இன்னா தப்பு? அம்மா எனக்குத்தான் குடுத்தாங்க. உசுரு போற நேரத்துல என் மூஞ்சப் பாத்து சொன்னாங்க. எனக்கு மிஞ்சினது அந்த ஒரு வார்த்ததாங்க."

"என்ன வார்த்தை?" என்றார் டீச்சர்.

"மிஷினு தல சின்னப் புள்ளைக்கு."

டீச்சரின் கை அந்தரத்தில் நின்றது. "இன்னொரு தடவை சொல்லுங்க."

"மிஷினு தல சின்னப் புள்ளைக்கு. அவ்வளவுதான். தல எனக்கு. வேற யாருக்குச் சொல்லுவாங்க, மிஷின்ல அவங்ககூட உக்காந்து தெச்சவ நான்தான்."

"சுபைரு, உதட்டை மடிச்சு பல்லை மூடிக்கோ. 'தலச்சன் புள்ளைக்கு'ன்னு சொல்லு. மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லு."

சுபைர் சொன்னான். பல் இல்லாத வாயில் 'தலச்சன் புள்ளைக்கு' நடுவில் இளைத்து, இழுத்து, 'தல சின்னப் புள்ளைக்கு' என்று விழுந்தது. திருப்பிச் சொன்னான். இந்தத் தடவை இரண்டில் எது என்று அவனுக்கே தெரியவில்லை. தையல்காரி வீட்டில் பிறக்காத எவருக்கும் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. மிஷினுக்குத் தலை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

டீச்சர் துள்ளி எழுந்துவிட்டார். "திருட்டே இல்ல! மூத்தவங்க காதுல 'தலச்சன்'. இவங்க காதுல 'தல சின்ன'. ரெண்டு பேருமே பொய் சொல்லல. ஒரு வார்த்தையை ரெண்டாக் கேட்டிருக்காங்க, அவ்வளவுதான்!"

விஜயலட்சுமி துள்ளவில்லை. உதட்டை அசைத்து, சத்தமில்லாமல், அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"தலச்சன்னா சொன்னாங்க?" என்றார். "அப்ப, சாவும்போதுகூட எங்கம்மா எனக்குன்னு ஒண்ணும் சொல்லலியா?"

டவுன் பஸ் முனையில் திரும்பி, ஹாரன் அடித்துப் போயிற்று.

"சரி, போங்க" என்று அவர் கரண்ட் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். "எடுத்தது நான்தான்னே சொல்லுங்க. அந்த வார்த்தயும் இல்லன்னு ஆயிட்டப்புறம், நல்ல பேரு எதுக்கு எனக்கு?"

வடக்கனந்தல் திரும்புகிற வழியில் சுபைர் சும்மா வரவில்லை.

"டீச்சர், தலய வித்தவங்க காலுக்கு எதுக்கு எண்ணெ உடணும்?"

"குற்ற உணர்ச்சி."

"வார் புதுசா மாட்டியிருக்காங்க. ஒரு நாள் தல திரும்பி வரும்னு வெச்சிருக்கற மாதிரி இருக்குது. அவங்க எடுக்கல டீச்சர்."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க சுபைரு. விடைத்தாளே வந்து நான் தப்புன்னு சொல்லும்போது, நீ ஏன் மார்க் போடறே?" டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தில் அன்றைக்கு அத்தனை வெளிச்சம். இரண்டு சகோதரிகளையும் சேர்த்து வைக்கப் போகிற வெளிச்சம்.

அம்சவள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். குளித்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தார். தட்டின்மேல் இருந்த துண்டு எடுக்கப்பட்டிருந்தது.

டீச்சர் கதையை ஆரம்பித்தார். சம்கியில் தொடங்கி, பல் இல்லாத வாய்க்கு வந்து, 'தலச்சனை' இரண்டாகப் பிளந்து காட்டினார். அம்சவள்ளி இமைக்காமல் கேட்டார்.

"அதெல்லாம் சரி மேடம். எடுத்தாளா, இல்லியா?"

"எடுத்தாங்க. ஆனா..."

"ஆனா வேணாம்."

அவர் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வளையல்களை எடுத்து வந்த காகிதத்திலேயே சுற்றினார். கிளிப்பச்சைப் புடவையை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துச் சாவியைத் திருப்பினார். பத்திரிகையை எடுத்தார். அதன் மேல் 'தங்கை விஜயலட்சுமி குடும்பத்தார்' என்று எழுதியிருந்தது. மஞ்சள் தடவிய நான்கு மூலைகளையும் ஒரு தரம் பார்த்து, அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது கையில் அது இல்லை.

தட்டில் மிச்சம் வாழைப்பழம்தான். அதை டீச்சரிடமும் சுபைரிடமும் நீட்டினார்.

"சாப்புடுங்க. வெயில்ல அலஞ்சி வந்திருக்கீங்க."

செல்லமுத்து வாசற்படியில் வந்து நின்றார். காலையில் பற்றவைக்காத பீடி இன்னும் விரலிடுக்கில் இருந்தது. "அம்சா" என்றார். வாயைத் திறந்தபடி நின்றார். "நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்!" அம்சவள்ளியின் குரல் உடைந்தது. "அவளுக்குப் பரிஞ்சி ஒரு வார்த்த இந்த வூட்ல யாரும் பேசக் கூடாது. போயி மோட்டாரப் போடுங்க, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல."

செல்லமுத்து வாயை மூடினார். மனைவியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மெல்ல கிணற்றடிக்குப் போனார். மோட்டார் ஓடிற்று. டங்கு, டங்கு என்று கேட்டது.

சுபைர் வாழைப்பழத்தை உரித்தான். அவன் சாப்பிட்ட பழங்களிலேயே அது ஒன்றுதான் கசந்தது. கரியாலூர் பனியில் தொண்டை கட்டியிருந்ததால் இருக்கலாம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சாம்பார் ஓர் உப்புக் கம்மி என்பதைத் தவிர யாருக்கும் குறை இல்லை. விஜயலட்சுமி வரவில்லை. மூலையில் இருந்த மிதி ஸ்டாண்டை அந்த வாரமே பழைய இரும்பு லாரிக்காரனுக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. டீச்சர் அந்த ஊறுகாய் பாட்டிலை வெற்றிவேலிடம் கேட்டு வாங்கிவந்து, நிலையத்தின் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். புதிதாக வருகிற கட்சிக்காரர்களுக்கு அதைக் காட்டி, நூல் பொடியை வைத்து அவர் ஒரு திருட்டைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லும்போது, அவர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். சுபைர் மட்டும் அந்த நேரத்தில் டீ வாங்கக் கீழே போய்விடுவான்.

அடுத்த கோடையில் அம்சவள்ளி வீட்டுக் கிணறு அடியோடு வற்றியது. புட்வால்வு அத்தனை வருஷமாக முட்டிக்கொண்டிருந்தது காசாம்பு மிஷினின் தலையில்தான்.